வீட்டு நாய்களுக்குத் தலைவன் தேவையில்லை

ஒரு வீட்டுக்கு இரண்டாவது நாய் வந்ததுமே சுற்றியிருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இரண்டில் எது லீடர்? டிரெய்னர் கேட்கிறார், குட்டியை விற்றவர் கேட்கிறார், யூடியூபில் நாய் வளர்ப்பு சொல்லித்தருபவர் பாடத்தையே அந்தக் கேள்வியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார். அடுத்து யோசனைகள் வரிசை கட்டும். லீடருக்கு முதலில் சோறு வை, லீடரை முதலில் வாசல் தாண்ட விடு, சின்னது உறுமினால் அதட்டி அடக்கு, எல்லாவற்றுக்கும் மேலே நீதான் லீடர் என்று காட்டு. சொல்கிறவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு வீட்டின் நாய்களைப் புரிந்துகொள்ள முடியாது என்பதே என் வாதம். நாம் பார்க்க வேண்டியவை மூன்று. அங்குள்ள ஒவ்வொரு நாயாலும் 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிறதா? சொன்னால் மற்றது கேட்டுக்கொள்கிறதா? கேட்காவிட்டால் விலகிப் போக இடம் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துகொள்ள வளர்ப்பவருக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று, பொழுதுபோக்காகப் பார்த்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிற அவற்றின் விளையாட்டுதான்.

இந்த லீடரை 'ஆல்ஃபா' என்று இன்று எல்லோரும் சொல்லும் கருத்து ஓநாய்களிடமிருந்து வந்தது. ஸ்விட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைக் கவனித்து ருடால்ஃப் ஷெங்கல் 1947-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தப்பிப் போக வழியில்லாத ஒரு கொட்டடிக்குள் அந்த ஓநாய்கள் முதலிடத்துக்குச் சண்டை போட்டதை அவர் விவரித்தார். அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1970-ல் எழுதிய புத்தகம் இந்தக் கருத்தை உலகமெங்கும் கொண்டுபோனது. அதே மீச் 1986 முதல் கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவுக்குக் கோடைதோறும் போய், காட்டு ஓநாய்க் கூட்டத்தை அருகிலிருந்து பார்த்தார். கூட்டம் என்று சொல்லப்பட்டது ஒரு குடும்பம். ஆல்ஃபா என்று சொல்லப்பட்டவை அந்தக் குடும்பத்தின் அப்பாவும் அம்மாவும். பிள்ளைகளை அடித்து நொறுக்கி அவை தலைமையைப் பிடிக்கவில்லை; பெற்றதால் வந்த தலைமை அது. 1999-ல் இதை விளக்கி ஆய்வுக் கட்டுரை எழுதிய மீச், தன் பழைய புத்தகத்தை அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரைத் திரும்பத் திரும்பக் கேட்டார். 2022-ல்தான் அது நின்றது. தன் பெயருக்குப் புகழ் சேர்த்த புத்தகத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்ட அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆனால் அதற்குள் கருத்து நாய் வளர்ப்புக்குள் இறங்கி வேர் விட்டிருந்தது. நியூயார்க் மாநிலத்தில் ஜெர்மன் ஷெப்பர்டு வளர்த்த நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் 1978-ல் எழுதிய வளர்ப்புக் கையேடு, அடங்காத நாயை மல்லாக்கப் புரட்டிப் பிடித்து அழுத்தச் சொன்னது. பின்னால் வந்த பதிப்பில் அந்தத் துறவிகளே அதைக் கைவிட்டார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வு, நடத்தைச் சிக்கலுக்காக அழைத்து வரப்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டுத் தொகுத்தது. மல்லாக்கப் புரட்டி அழுத்தியவர்களில் 31 விழுக்காட்டினரும், அடித்தோ உதைத்தோ திருத்தப் பார்த்தவர்களில் 43 விழுக்காட்டினரும், நாய் பதிலுக்குச் சீறியது அல்லது கடிக்க வந்தது என்றார்கள். ஏற்கெனவே சிக்கலுள்ள நாய்கள் இவை. எல்லா நாய்களுக்கும் இந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. என்றாலும் அடக்கினால் அடங்கும் என்ற நம்பிக்கையைக் கேள்வி கேட்க இது போதும்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். ஆல்ஃபா கதை பொய்யாகவே இருக்கட்டும், நாய்களுக்குள் ஏற்றத்தாழ்வே இல்லையா? ஒன்று வந்தால் இன்னொன்று இடத்தைவிட்டு எழுந்து போவதைத் தினமும் பார்க்கிறோமே? உண்மைதான். பிரிட்டனின் ஜான் பிராட்ஷாவும் சக ஆய்வாளர்களும், காப்பகம் ஒன்றில் சேர்ந்து வாழ்ந்த 19 கருத்தடை செய்யப்பட்ட ஆண் நாய்களைக் கவனித்து, மேலிருந்து கீழாக ஒரே ஏணியாக அடுக்கக்கூடிய வரிசை எதுவும் தெரியவில்லை என்று 2009-ல் எழுதினார்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015-ல் இன்னொரு குழுவைப் பார்த்து, வரிசை இருக்கிறது என்றார்கள். ரோம் நகரின் புறத்தே திரியும் நாய்களை ஆராய்ந்தவர்களுக்கும் வரிசை தென்பட்டது. அங்கே வயதில் மூத்தவை மேலே இருந்தன. ஆக, வரிசையே கிடையாது என்று நான் வாதிடப்போவதில்லை. அந்த நெதர்லாந்து ஆய்வில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. யார் மேல், யார் கீழ் என்பதைக் காட்டிக்கொடுத்த மிக நம்பகமான அடையாளம் கீழே உள்ள நாயின் உடல் தாழ்வதுதான். எதிரே வருவதைப் பார்த்ததும் அது தலையைத் தணித்து, முதுகை இறக்கி, வாலைத் தாழ்த்துகிறது. மேலே உள்ளதின் கடியையோ உறுமலையோ எண்ணி வரிசையை அறிய வேண்டியதில்லை. கீழே உள்ளது தானாகத் தரும் மரியாதை அது. தானாகத் தருவதை நடுவில் புகுந்து மனிதர் வாங்கிக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. வீட்டுக்காரர் ஒன்றைத் தலைவனாக்கித் தூக்கிப் பிடிக்கும்போது, இரண்டுக்கும் இடையே மெல்ல உருவாகிவந்த ஏற்பாட்டைக் கலைத்துவிடுகிறார்.

ஆஸ்திரியாவில் எர்ன்ஸ்ட்புருன் என்ற ஊரில் உள்ள ஓநாய் ஆய்வு மையத்தில், மனிதர் கையால் ஒரே மாதிரி வளர்க்கப்பட்ட ஓநாய்களையும் நாய்களையும் வைத்து ஒரு சோதனை நடந்தது. 2015-ல் முடிவுகள் வந்தன. வரிசையில் மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் இரண்டிரண்டாக ஒரே உணவின் முன் விட்டார்கள். ஓநாய்கள் ஒன்றின் மேல் ஒன்று உறுமிக்கொண்டன, பல்லைக் காட்டின, கடைசியில் இரண்டும் தின்றன. நாய்களிலோ மேலே உள்ளது தின்றது. கீழே உள்ளது கிட்டே போகவே முயலவில்லை. சத்தம் இல்லை, சண்டை இல்லை. நம் வீடுகளில் இப்படி நடந்தால், 'எங்க வீட்டு நாய்ங்க சண்டையே போடாது' என்று பெருமையாகச் சொல்வோம். ஒரு மூலையில் நின்று பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உதட்டை நக்கிக்கொண்டிருக்கும் அந்த இரண்டாவது நாய் நம் கணக்கில் வருவதே இல்லை. தலைவனைத் தேடுகிற கண்ணுக்குத் தெரியாத நாய் அதுதான். சண்டை வராத வீடு என்பதாலேயே அது இரண்டும் நிம்மதியாக இருக்கும் வீடாகிவிடாது.

விளையாட்டுக்கு வருவோம். இரண்டு நாய்கள் விளையாடுவதைக் கைப்பேசியில் படம் பிடித்து, வேகத்தைக் குறைத்து ஓடவிட்டுப் பாருங்கள். வெறும் கண்ணுக்கு உருண்டு புரளும் ஒரு மூட்டையாகத் தெரிந்தது தனித்தனிச் செயல்களாகப் பிரியும். ஒன்று முன்னங்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையோடு தாழ்த்துகிறது. பின்புறம் மேலே நிற்கிறது, வால் ஆடுகிறது. வாய் தளர்வாகத் திறந்திருக்கிறது. மற்றது பாய்கிறது, வேண்டுமென்றே சற்று விலக்கித்தான் பாய்கிறது. கழுத்தைக் கவ்வுகிறது, பல் பதியவில்லை. கீழே போனது எழுந்து துரத்துகிறது. துரத்தியது இப்போது ஓடுகிறது. திடீரென இரண்டும் நின்று, நனைந்த உடம்பை உதறுவதுபோல் உதறிக்கொள்கின்றன, ஒன்று தும்முகிறது, வேறெங்கோ பார்க்கிறது. மறுபடி அந்தக் குனிதல். அமெரிக்க விலங்கியலாளர் மார்க் பெக்காஃப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்தக் குனிதலைத்தான். அது எங்கே வருகிறது என்று பார்த்தபோது, தவறாகப் புரிந்துகொள்ளப்படக்கூடிய செயல்களை ஒட்டியே அதிகம் வந்தது. வாயில் கவ்வித் தலையை இடவலமாக உலுக்குவது, இரையைக் கொல்லும் அசைவு. விளையாட்டில் அதைச் செய்யும் நாய், அதற்குச் சற்று முன்போ பின்போ குனிந்து காட்டுகிறது. இப்போது செய்ததும் செய்யப்போவதும் விளையாட்டுக்கு என்று அது தெரிவிக்கிறது. எதிரே உள்ளது அதை ஏற்றுக்கொள்கிறது.

அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுணுக்கமானது. எதிரே உள்ள நாய் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் நாய் குனிந்து அழைக்கிறது. அது முதுகைக் காட்டி நின்றால், முதலில் மெல்லக் கவ்வியோ, காலால் தட்டியோ, முகத்துக்கு நேரே குதித்தோ கவனத்தைத் திருப்புகிறது. திரும்பிய பிறகே குனிகிறது. இத்தாலியில் எலிசபெட்டா பலாகி குழுவினர் பூங்காவில் விளையாடும் நாய்களைப் படமெடுத்து, ஒன்றின் குனிதலையும் வாய்திறந்த முகத்தையும் மற்றது ஒரு வினாடிக்குள் அப்படியே திருப்பிச் செய்வதைக் கண்டார்கள். அப்படி நடந்த ஆட்டங்கள் அதிக நேரம் நீடித்தன. ஏற்கெனவே பழகிய நாய்களுக்குள் இது இன்னும் கூடுதலாக நடந்தது. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், விளையாட்டு என்பது இரண்டு நாய்கள் நொடிக்கு நொடி ஒன்றின் சம்மதத்தை மற்றது கேட்டுக் கேட்டு நடத்தும் காரியம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் ஆட்டம் நின்றுவிடும். வலுத்தது ஆட வேண்டுமென்றால் தன் வலுவை அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஆகவேதான் பெரிய நாய் தானே மல்லாக்க விழுகிறது, வேகத்தைக் குறைக்கிறது, குட்டியிடம் பிடிபட்டுக்கொடுக்கிறது.

வீட்டுக்காரர்கள் இங்கே இரண்டு வகையாகத் தடுமாறுகிறார்கள். சிலர் உறுமல் கேட்டதும் ஓடிப்போய்ப் பிரித்துவிடுகிறார்கள். சிலர் ஒன்று எப்போதும் மேலேயும் மற்றது எப்போதும் கீழேயும் இருப்பதைப் பார்த்து, இது சமமாக இல்லையே என்று கவலைப்படுகிறார்கள். சமம் தேவையில்லை என்கிறது எரிகா பாவரும் பார்பரா ஸ்மட்ஸும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு. துரத்துவதிலும் வீழ்த்துவதிலும் நாய்கள் இடம் மாற்றிக்கொள்கின்றன. ஆனால் பாதிக்குப் பாதி என்ற கணக்கு இல்லை. மூத்தது அதிகம் தாக்குவதும் இளையது அதிகம் விழுவதும் நட்பான ஜோடிகளிலும் உண்டு. அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? நாய்களோடு வேலை செய்பவர்களிடையே எளிய ஒரு சோதனை புழக்கத்தில் இருக்கிறது. எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனுள்ளது இல்லை. மேலே இருப்பதை, முரட்டுத்தனமாக ஆடுவதை, சில நொடிகள் பிடித்து நிறுத்துங்கள். கீழே இருந்தது எழுந்து என்ன செய்கிறது என்று பாருங்கள். திரும்பி வந்து அதன் மேல் பாய்ந்தால் ஆட்டம் இரண்டுக்கும் பிடித்திருக்கிறது. கட்டிலுக்கடியில் போனாலோ, உங்கள் காலுக்குப் பின்னால் ஒதுங்கினாலோ, அது இவ்வளவு நேரம் ஆடவில்லை, மாட்டிக்கொண்டிருந்தது. உடல் விறைப்பது, வாய் மூடிக்கொள்வது, பார்வை ஒரே இடத்தில் நிலைப்பது, இடையில் நிறுத்தங்கள் இல்லாமல் போவது ஆகியவை வரும்போது குரல் உயர்த்தாமல் ஒன்றைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு இடைவெளி கொடுங்கள்.

இனத்துக்கு இனம் ஆட்டத்தின் பாணியும் மாறும். கன்னி, சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்கள் ஓடித் துரத்துவதில்தான் பெரும்பாலும் திளைக்கும். லேப்ரடார் மேலே வந்து முட்டும், மோதும், கட்டிப்புரளும். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்தால், ஒன்றுக்கு விளையாட்டு என்பது மற்றதற்குத் தொல்லையாகப் படலாம். யார் தலைவன் என்ற கேள்விக்குள் இதை அடக்கவே முடியாது.

எண்ணிக்கை கூடும்போது என்ன நடக்கிறது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. இரண்டு நாய்கள் இருந்தால் உறவு ஒன்று. மூன்று இருந்தால் உறவு மூன்று. நான்கு என்றால் ஆறு. ஒரு நாய் கூடினால் ஒரு தட்டு கூடுகிறது என்று நாம் கணக்கிடுகிறோம். வீட்டுக்குள் கூடுவது அதைவிட அதிகம். கேமில் வார்டும் ஸ்மட்ஸும் சக ஆய்வாளர் ஒருவரும் 2009-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஒரே ஈற்றுக் குட்டிகளின் விளையாட்டில் மூன்றாவது குட்டி எப்படி நுழைகிறது என்று பார்த்தது. தோற்றுக்கொண்டிருப்பதைக் காப்பாற்ற அது வரவில்லை. கீழே விழுந்து கிடப்பதன் மேல் தானும் பாய்வதையே அது அதிகம் செய்தது. அதில் குரூரம் எதுவும் இல்லை. சுலபமாகக் கிடைக்கும் வாய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் மூன்று நாய்கள் உள்ள வீட்டில் அடிக்கடி நடக்கும் ஒரு விஷயத்தை இது புரியவைக்கிறது. இரண்டு மட்டும் இருந்தபோது நன்றாக ஆடிய ஜோடி, மூன்றாவது வந்ததும் குலைகிறது. ஒன்று எப்போதும் மற்ற இரண்டிடமும் அகப்பட்டுக்கொள்கிறது. அங்கே குறுக்கே புகுந்து மூன்றாவதை வெளியே அழைப்பது வீட்டுக்காரரின் கடமை. நாய்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது, ஒன்றுக்கு ஒன்று என்றால் சில நேரம் சரி. இரண்டுக்கு ஒன்று என்றால் ஒருபோதும் சரியாகாது.

சண்டை எதனால் வருகிறது என்று பார்த்தால் அங்கேயும் அரியணைப் போட்டி பெரிதாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், ஒரே வீட்டில் ஒன்றையொன்று தாக்கிக்கொண்ட 38 ஜோடிகளை ஆராய்ந்து 2011-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவை ஒரே பாலைச் சேர்ந்தவை. பெண்ணோடு பெண் மோதியவையும் கணிசம். பெரும்பாலும் இளையதும் பின்னால் வந்ததுமே தொடங்கியது. தூண்டிவிட்டவை உரிமையாளரின் கவனம், வாசலில் யாரோ வந்த பரபரப்பு, சோறு, எங்கிருந்தோ கிடைத்த ஒரு பொருள். நம் ஊர் வீட்டில் இவை எப்படி இருக்கும் என்று ஊகிக்கச் சிரமமில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையிலிருந்து வரும் எலும்பு. மாலையில் வீட்டுக்காரரின் பைக் சத்தம் கேட்டு எல்லாம் ஒரே நேரத்தில் கேட்டுக்கு ஓடிப்போய் அந்தக் குறுகிய இடத்தில் முட்டிக்கொள்வது. சோபாவில் அவர் மடியருகே உள்ள ஒரே ஓர் இடம். இந்தப் பட்டியலில் வீட்டுக்காரரே ஒரு பொருளாக இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

வியன்னாவில் ஃபிரெடெரிக்கே ராங்கே குழுவினர் 2009-ல் வெளியிட்ட சோதனையும் இதோடு சேர்கிறது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு நாய்களைக் 'கை கொடு' என்று கேட்டார்கள். ஒன்றுக்கு மட்டும் தின்பண்டம் கிடைத்தது. கிடைக்காதது கொஞ்ச நேரத்தில் கை கொடுப்பதை நிறுத்தியது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. தனியாக இருந்து எதுவும் கிடைக்காதபோது அது அவ்வளவு சீக்கிரம் நிறுத்தவில்லை. ஒன்றுக்கு ரொட்டி, மற்றதற்கு இறைச்சி என்று கொடுத்தபோது அவை பெரிதாக அலட்டிக்கொள்ளவும் இல்லை. கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்பதைத்தான் பார்க்கின்றன. லீடருக்கு முதலில் கொடு, மற்றதைக் காத்திருக்க வை என்ற பழைய யோசனையை இந்தச் சோதனையோடு வைத்துப் பார்க்கும்போது எனக்கு அதில் நியாயமே தெரியவில்லை. தனித்தனி அறையில், அல்லது ஒன்றின் கண்ணுக்கு மற்றது படாத மூலைகளில், ஒரே நேரத்தில் சோறு வைத்தால் அங்கே முதலிடமும் இல்லை, இரண்டாமிடமும் இல்லை. எலும்பு தருவதென்றால் கதவைச் சாத்திவிட்டுத் தர வேண்டும். கேட்டருகே நெரிசல் ஆகிறதென்றால் வாசலில் நின்று கொஞ்சாமல் உள்ளே வந்து, நெரிசல் தணிந்தபின் ஒவ்வொன்றையும் தொட்டால் போதும்.

உறுமலைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த ஆதங்கம் இருக்கிறது. நம் வீடுகளில் நாய் அதிகம் அடிவாங்குவது உறுமியதற்காகத்தான். புடாபெஸ்ட்டின் ஓட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு கூண்டின் முன் எலும்பை வைத்து, நாய் நெருங்கும்போது கூண்டுக்குள் மறைத்துவைத்த ஒலிபெருக்கியில் மூன்று விதமான உறுமல்களைப் போட்டார்கள்: எலும்பைக் காக்கும் உறுமல், அந்நியரை மிரட்டும் உறுமல், விளையாட்டு உறுமல். எலும்பைக் காக்கும் உறுமல் கேட்டபோதுதான் நாய்கள் அதிகம் பின்வாங்கின. இந்த உறுமல்களை அவை பிரித்து அறிகின்றன. அதாவது உறுமல் ஒரு சேதி. அந்தச் சேதி போய்ச் சேர்கிறது. சேர்வதால் கடி தவிர்க்கப்படுகிறது. உறுமலைத் தண்டிக்காவிட்டால் அது நாளைக்குக் கடியாகும் என்பார்கள். எதிரே உள்ளது கேட்டு விலகும்வரை உறுமல் கடியாக வேண்டிய தேவையில்லை. தண்டனையால் உறுமலை நிறுத்திய வீட்டில் உறுமலுக்குக் காரணமான பயமும் எரிச்சலும் அப்படியே இருக்கும். எச்சரிக்கை மட்டும் போய்விடும். முன்னறிவிப்பில்லாமல் கடித்தது என்று சொல்லப்படும் நாய்களில் பலவற்றுக்கு அந்த முன்னறிவிப்பை நாமே அடித்து மறக்கடித்திருப்போம் என்று நான் அஞ்சுகிறேன். உறுமல் தினமும் அதிகமாகிக்கொண்டே போனால் அதைப் பார்க்க வேண்டியதுதான். அதை உறுமிய நாயிடம் மட்டும் தேடாமல், சொன்னதைக் கேட்காமல் மேலே மேலே வரும் மற்றதிடமும் தேட வேண்டும்.

எங்கள் தாத்தா காலத்தில் இதெல்லாம் யார் பார்த்தார்கள், நான்கு நாய் வளர்த்தோம், ஒன்றும் ஆகவில்லை என்பது நான் மிகவும் மதிக்கும் மறுப்பு. அதில் ஓர் உண்மை இருக்கிறது. அந்த நாய்களுக்குக் களமும் தெருவும் தோப்பும் இருந்தன. பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடும். பசித்தால் திரும்பி வரும். கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் (ஐசர்) அனிந்திதா பத்ராவின் குழுவினர் தெருநாய்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். தெருநாய்கள் குழுவாக இருந்தாலும் இரை தேடும்போது பெரும்பாலும் தனியாகவே திரிகின்றன என்று அவர்கள் கண்டார்கள். சேர்ந்திருப்பதும் பிரிந்திருப்பதும் நாயின் கையில் இருக்கிறது. இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டில் அந்த உரிமை இல்லை. சங்கிலியில் கட்டிய நாய்க்கும் இல்லை. கட்டிய நாயிடம் அவிழ்த்துவிட்ட நாய் வந்து ஆடுவதை விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. தாத்தா காலத்து நாய்க்குத் தெரு கொடுத்ததை இன்றைய நாய்க்கு வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும். குழந்தைகள் தாண்டாமலிருக்க வைக்கும் தடுப்புக் கதவு ஒன்று, ஏறிப் படுக்க ஓர் உயரமான இடம், ஆளுக்கொரு படுக்கை, தினமும் சிறிது நேரம் ஒவ்வொன்றையும் தனித்தனியே வெளியே கூட்டிப்போவது போதும், பெரும் செலவில்லை.

விளையாட்டில் பாதிப் பாடம் நம் வீட்டுக்கு வரும் முன்பே முடிந்துவிடுகிறது. எவ்வளவு அழுத்திக் கவ்வினால் கூடப்பிறந்தது கத்திக்கொண்டு விலகிப்போகும் என்பதைக் குட்டி ஈற்றிலேயே, உருண்டு புரண்டு கற்கிறது. இத்தாலியில் 2011-ல் வெளியான ஆய்வு 140 நாய்களை ஒப்பிட்டது. பாதி 30 முதல் 40 நாளுக்குள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவை, பாதி இரண்டு மாதம் ஆனபின் பிரிக்கப்பட்டவை. சீக்கிரம் பிரிக்கப்பட்டவற்றில் பயமும், அளவுமீறிய குரைப்பும், சோற்றையும் பொம்மையையும் விடாமல் காக்கும் குணமும் கூடுதலாக இருந்தன. நம் நாட்டில் 2017-ன் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. இருந்தும் முப்பது நாள் குட்டிகள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. சின்னதாக இருக்கும்போதே வந்தால்தான் நம்மிடம் ஒட்டும் என்று வாங்குகிறவர்களே கேட்கிறார்கள். ஏற்கெனவே நாய் உள்ள வீட்டுக்கு அப்படி ஒரு குட்டி வந்தால், அது கற்காமல் வந்ததையெல்லாம் அந்த மூத்த நாயின் உடம்பின் மேல்தான் கற்கப்போகிறது.

அந்த மூத்த நாய்க்குத் துணையாக இருக்கட்டும் என்றுதான் பெரும்பாலானோர் இரண்டாவதைக் கொண்டுவருகிறார்கள். பத்து வயதாகிவிட்டது, தனியாகப் படுத்துக்கிடக்கிறது, ஒரு குட்டி வந்தால் சுறுசுறுப்பாகிவிடும் என்ற அன்பு அது. ஆனால் வயதான நாய் படுத்தே கிடப்பதற்கு மூட்டுவலி காரணமாக இருக்கலாம், பார்வை மங்கியது காரணமாக இருக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது கால்நடை மருத்துவரை. வலியுள்ள இடுப்பின் மேல் தினமும் வந்து விழும் குட்டியிடம் அது உறுமத்தான் செய்யும், அதற்காக அதட்டலும் வாங்கும். இரண்டாவது நாய் வேண்டுமா என்று முடிவெடுப்பதற்கு முன், பழகிய அமைதியான நாய் ஒன்றோடு வெளியே சில நாள் சேர்ந்து நடக்கவிட்டுப் பாருங்கள். மூத்தது குனிந்து அழைக்கிறதா, அழைப்புக்கு அழைப்பு தருகிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா என்று கவனியுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டேயிருந்தால் அந்த வீட்டுக்கு இப்போது இன்னொரு நாய் வேண்டாம். மாலையில் இன்னும் அரைமணி நேரம் நீங்களே பக்கத்தில் உட்காருங்கள்.